முயல் வளையைத் தோண்டிய மூன்று கூட்டங்கள்

குளம் யாருக்குச் சொந்தம் என்று ஒரு காட்டில் யானைகளும் காட்டெருமைகளும் மோதிக்கொண்டன. குழந்தைகளே, மோதியவை பெரிய விலங்குகள். மிதிபட்டவையோ, பள்ளத்தில் நெருக்கியடித்து வாழ்ந்த எலிகளும் முயல்களும். கலவரம் ஓய்ந்தபோது அவற்றின் வளைகள் வரிசையாக இடிந்து கிடந்தன.

பள்ளத்தைச் சுற்றி மூன்று பாறைகள் இருந்தன. ஒன்றில் கரடிகளும், ஒன்றில் பன்றிகளும், ஒன்றில் பெருச்சாளிகளும் கூடித் தொழுதன. மூன்று கூட்டமும் தொழுதது விடியலைப் படைத்த ஒருவரைத்தான். ஆனால் கரடிகள் நின்று தொழும், பன்றிகள் மண்டியிடும், பெருச்சாளிகள் குப்புற விழும். இதனாலேயே ஒன்றோடொன்று பேசுவதில்லை. தாங்கள் காப்பாற்றிய உயிர் தங்கள் பாறைக்கே தொழ வரவேண்டும் என்பது மூன்றுக்கும் வழக்கம்.

இடிந்த வளை ஒன்றின் மேல் ஒரு தாய் முயல் நின்று கத்தியது.

"என் குட்டிகள் இரண்டும் உள்ளே இருக்கின்றன! மண்ணைச் சுரண்டும் சத்தம் கேட்கிறது! யாராவது வாருங்கள்!"

மூன்று கூட்டமும் ஓடி வந்தன. இரக்கத்தில் ஒன்றுக்கொன்று குறைவில்லை. ஆளுக்கொரு பக்கமாகத் தோண்டத் தொடங்கின.

"ஏய் பெருச்சாளி, இது எங்கள் பக்கம்!" என்று உறுமியது பன்றி.

"குட்டி உன் பக்கம்தான் வரும் என்று எழுதி வைத்திருக்கிறதா, அண்ணே?" என்றது பெருச்சாளி.

"மண்டியிட்டே முட்டி தேய்ந்தவர்களுக்குத் தோண்டத் தெரியுமா?" என்று சிரித்தது கரடி.

கரடி வாரியெறிந்த மண் பன்றியின் குழியில் விழுந்தது. பன்றி முட்டித் தள்ளிய மண் பெருச்சாளியின் குழியை மூடியது. பெருச்சாளி பறித்த மண் கரடியின் காலடியில் குவிந்தது. வியர்வை கொட்டியது. நடுவில் மேடு உயர்ந்துகொண்டே போனது.

"நிறுத்துங்கள்! என் குட்டிகள் மேலேயே மண்ணைப் போடுகிறீர்கள்!" என்று தாய் முயல் கதறியது.

"பொறு தாயே, நாங்கள்தான் முதலில் எட்டுவோம்" என்றன மூன்றும்.

இரைச்சலில் சுரண்டும் சத்தம் கேட்கவே இல்லை. தாய் முயல் ஒரு கணம் யோசித்தது. பிறகு தரையில் விழுந்து மார்பில் அறைந்துகொண்டது.

"போய்விட்டன! இரண்டும் செத்துப்போய்விட்டன!"

செத்தவருக்காக மௌனம் காப்பது ஒன்றுதான் மூன்று கூட்டத்துக்கும் பொதுவான வழக்கம். கரடிகள் நின்றபடியும், பன்றிகள் மண்டியிட்டும், பெருச்சாளிகள் குப்புற விழுந்தும் வாய் மூடின. பள்ளமே அமைதியானது.

தாய் முயல் மேட்டின் மேல் காதை வைத்தது. நகர்ந்து, இன்னொரு இடத்தில் வைத்தது. மெல்லிய சுரண்டல் கேட்டது.

"பொய் சொன்னேன்" என்றது. "உங்கள் வாயை மூட எனக்கு வேறு வழி தெரியவில்லை. குட்டி இதோ, நடுவில் இருக்கிறது. இந்த ஒரே குழியைத் தோண்டுங்கள். மண் ஓடைக்குப் போகட்டும்."

கரடி வெட்கத்தோடு பன்றியைப் பார்த்தது. "நீ முட்டு. நான் வாருகிறேன்."

"இடுக்கில் நாங்கள் நுழைகிறோம்" என்றது பெருச்சாளி.

மண் கை மாறிக் கை மாறி ஓடைக்குப் போனது. சிறிது நேரத்தில் பெருச்சாளி ஒரு குட்டியைக் கவ்விக்கொண்டு வெளியே வந்தது. அதற்கு மூச்சு இருந்தது.

இரண்டாவதற்கு இல்லை. உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. வாய் நிறைய, அப்போதுதான் தோண்டிப் போட்ட ஈர மண். அது யார் எறிந்த மண் என்று எவரும் கேட்கவில்லை.

தாய் முயல் செத்த குட்டியின் வாயைத் துடைத்தது. உயிரோடிருந்ததை மார்போடு அணைத்துக்கொண்டது.

வழக்கத்தை விட முடியாத பன்றி ஒன்று தயங்கித் தயங்கிக் கேட்டது: "தாயே, நாளைக்கு எந்தப் பாறைக்குத் தொழ வருவாய்?"

தாய் முயல் நிமிர்ந்து பார்த்தது.

"அடுத்த வளையில் எலியின் குஞ்சுகள் கிடக்கின்றன. முதலில் அங்கே போங்கள்."

மூன்று கூட்டமும் போயின.

நீதி: உதவ வந்தவர்கள் பெயரெடுக்கப் போட்டியிட்டால், உதவி கேட்டவர் உயிர்தான் போகும்.