காஸ்பர் கேட்ட வரம்

முன்னொரு காலத்தில், மலைகளுக்கு நடுவே பாதை என்று ஒன்று போடப்படுவதற்கும் முன்னால், ஜெர்மனி தேசத்துக் காடு ஒன்றில் காஸ்பர் என்ற மரவெட்டி இருந்தான். பகலிலும் இருட்டாகவே இருக்கும் காடு அது. ஊசியிலை மரங்கள் அவ்வளவு நெருங்கி நிற்கும். வீட்டுக் கூரைகள் தரையைத் தொடுகிற மாதிரி தாழ்ந்திருக்கும். பனிக்காலத்தில் மனிதரும் மாடுகளும் ஒரே கூரையின் கீழ்தான் இருப்பார்கள்.

காஸ்பருக்கு அஃப்ரா என்று ஒரு தங்கை. தாய் தகப்பன் இல்லை. அவன் மரம் வெட்டுவான். அவள் பால் கறப்பாள், பாலாடைக்கட்டி செய்வாள், அடுப்பு மூட்டிக் கறுப்பு ரொட்டி சுடுவாள். கைவேலை நடக்கும்போதெல்லாம் வாயும் ஓயாமல் பேசும். அந்தப் பேச்சு இல்லாவிட்டால் காஸ்பருக்குச் சாப்பாடு இறங்காது.

வெட்டிய மரங்களைத் தெப்பமாகக் கட்டி ஆற்றோடு கொண்டுபோகும் லோரென்ஸ் என்பவன் அஃப்ராவைப் பெண் கேட்டான். அவளுக்கும் சம்மதம்.

"அறுவடை முடிந்ததும் கல்யாணம், அண்ணா. ஆற்றங்கரை ஊர் ஒன்றும் தூரமில்லை" என்றாள்.

காஸ்பர் தலையை ஆட்டிவிட்டுக் கோடரியோடு காட்டுக்குள் போனான்.

அங்கே, சாய்ந்து கிடந்த மரத்தின்மேல் ஒரு கிழவர் உட்கார்ந்திருந்தார். சட்டை பாசி, தாடி பாசி, புருவமும் பாசி. "பசிக்கிறது" என்றார். காஸ்பர் தன் ரொட்டியில் பாதியைப் பிய்த்துக் கொடுத்தான். அவன் கெட்டவன் இல்லை, கேட்டுக்கொள்ளுங்கள்.

"நல்ல மனசு உனக்கு. ஒரு வரம் கேள்" என்றார் பாசிக் கிழவர்.

"என் தங்கை இந்தக் காட்டை விட்டுப் போகக்கூடாது."

"யோசித்துத்தான் கேட்கிறாயா?"

"ஆமாம்."

"கொடுத்தேன்" என்றார் கிழவர்.

வீட்டுக்கு வந்தால் கதவு திறந்து கிடந்தது. சமையலறையில், மாவு பிசைகிற மரத்தொட்டியின் பக்கத்தில் ஒரு பெண் மான் நின்றது. அதன் முன்னங்கால்கள் இரண்டிலும் முட்டிவரை மாவு ஒட்டியிருந்தது.

காஸ்பர் மானைத் தொழுவத்தில் ஒளித்துவைத்தான். மறுநாள் லோரென்ஸ் வந்து, "அஃப்ரா எங்கே?" என்று கேட்டான்.

"போய்விட்டாள். எங்கே என்று சொல்லவில்லை."

லோரென்ஸ் வாசலிலேயே வெகுநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனான்.

காஸ்பர் காடெல்லாம் தேடிக் கிழவரைப் பிடித்தான். "வரத்தை எடுத்துக்கொள்ளுங்கள், ஐயா."

"கொடுக்கத்தான் எனக்குத் தெரியும். எடுப்பது உன் கையில் இருக்கிறது. அவளை யாரிடமிருந்து பறித்தாயோ, அவனிடம் போய் நீ செய்ததைச் சொல். சொன்ன மறுகணம் அவள் பெண்ணாகிவிடுவாள்."

இவ்வளவு லேசான வேலை. ஆனால் காஸ்பர் போகவில்லை. பொய் சொன்ன வாயால் எப்படிப் போய் உண்மை சொல்வது? புல்லை அறுத்து உலர்த்திவிட்டுப் போகலாம் என்றான். புல் உலர்ந்தது. பனி விழுந்து உருகட்டும் என்றான். பனி உருகியது. மரம் வெட்டி முடியட்டும் என்றான். காட்டில் மரத்துக்கா பஞ்சம்? வருஷங்கள் போயின.

மான் தினமும் சாயங்காலம் காட்டின் விளிம்புவரை நடக்கும். கடைசி மரத்தருகே கயிற்றால் கட்டியது போல நின்றுவிடும். கீழே தெப்பங்கள் போவதைப் பார்த்துவிட்டுத் திரும்பும்.

ஒரு நாள் அந்த நாட்டுப் பிரபு வேட்டைக்கு வந்தார். கொம்பு முழங்கியது, நாய்கள் குரைத்தன. தோளில் அம்பு கீறிய மான் நொண்டிக்கொண்டே வந்து முற்றத்தில் விழுந்தது. அதன் கண்ணைப் பார்த்த காஸ்பர், தொப்பிகூட எடுக்காமல் மலையிறங்கி ஓடினான்.

ஆற்றங்கரையில் லோரென்ஸ் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவன் மனைவி. அவள் மடியில் ஒரு பெண் குழந்தை. காஸ்பர் அவன் முன்னால் மண்டியிட்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னான். வரத்தைச் சொன்னான், பொய்யைச் சொன்னான், தள்ளிப்போட்டதையும் சொன்னான்.

லோரென்ஸின் கை நின்றுவிட்டது.

"மானாக இருக்கிறாள் என்று அன்றைக்கே சொல்லியிருந்தால், நானும் அந்தக் காட்டிலேயே வந்து இருந்திருப்பேன்" என்றான். பிறகு குழந்தையைப் பார்த்தான். "இப்போது எழுந்திரு, காஸ்பர். வீட்டுக்குப் போ."

முற்றத்தில் அஃப்ரா தோளில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தலையில் நரை ஓடியிருந்தது.

"அவருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா?" என்று கேட்டாள்.

"ஆகிவிட்டது. ஒரு குழந்தையும் இருக்கிறது."

அவள் தோளில் தளர்ந்த துணியை இழுத்துக் கட்டினாள். பிறகு, "கூடவே இரு என்று என்னிடம் கேட்டிருக்கலாமே, அண்ணா. இன்னும் ஒரு பனிக்காலம் இருந்துவிட்டுத்தான் போயிருப்பேன்" என்றாள்.

காஸ்பர் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். அவள் அவனைத் திட்டவில்லை, தேற்றவும் இல்லை.

காயம் ஆறியதும் மூட்டை கட்டிக்கொண்டு ஆற்றோரம் வெகுதூரத்து ஊருக்குப் போனாள். அங்கே அவள் போட்ட ரொட்டி அடுப்புக்கு ஊரே வந்தது. சில வருஷம் கழித்து மனைவியை இழந்த கண்ணாடித் தொழிலாளி ஒருவர், மத்தியாஸ் என்று பெயர், அவளைக் கல்யாணம் செய்துகொள்ளக் கேட்டார். சிரித்துச் சம்மதித்தாள். அண்ணனுக்கும் ஆள் அனுப்பினாள்.

மாதாகோயில் வாசலில் பாதிரியார் வழக்கப்படி, "பெண்ணைக் கொடுப்பது யார்?" என்று கேட்டார். எல்லாரும் காஸ்பரைப் பார்த்தார்கள்.

"யாரும் கொடுக்கவில்லை, சாமி" என்றான் காஸ்பர். "அவளாகவே வருகிறாள்."

அஃப்ரா ஒரு கணம் அவன் கையைப் பிடித்தாள். பிறகு விட்டுவிட்டு உள்ளே நடந்தாள். கோயில் மணி அடித்தது. கதையும் அந்த வாசலோடு நின்றது.