விலைபோகாத மாடி வீடு

தாமிரபரணிக் கரையில் ஒரு சின்ன மடம். அதை நடத்துகிறவர் உலகம்மை. வயது நாற்பதுகூட ஆகவில்லை. ஆனாலும் அறுபதைத் தாண்டியவர்களெல்லாம் அவரை ‘அம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள். கேள்வி கேட்டால் அவரிடமிருந்து உடனே பதில் வராது. அவசரக்காரர்கள் யாரும் அங்கே சிஷ்யராக நிலைத்ததில்லை.

தெய்வநாயகம் நிலைத்தவர். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எறும்பைக்கூட அதட்டமாட்டார் என்று பெயர். அன்றைக்கு மடத்துக்குள் நுழையும்போதே அவருக்கு மூச்சு வாங்கியது.

“அம்மா, ஒரு கேள்வி. சிநேகிதனே துரோகம் பண்ணினா என்ன செய்யணும்?”

உலகம்மை மதியச் சாப்பாட்டுக்குப் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

“என்ன துரோகம்?”

“வீட்டை வித்துத் தாரேன்னுட்டு ஒண்ணும் செய்ய மாட்டேங்கான்.”

விஷயம் இதுதான். தெய்வநாயகத்தின் வீடு, லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடி. பங்குனி மாதம் அவர் மனைவி கோமதி வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. ஆபரேஷன் முடிந்து நாற்காலியில் உட்காரவைத்து மாடிக்குத் தூக்கிப் போனதுதான், அதற்குப் பிறகு அந்த அம்மாள் கீழே இறங்கவே இல்லை. பக்கத்துத் தெருவில் கீழ்வீடு ஒன்று விலைக்கு இருந்தது. அதன் சொந்தக்காரர் நல்ல மனுஷர், தை பிறக்கிறவரை காத்திருக்கிறேன் என்றார். இப்போது கார்த்திகை பாதி போய்விட்டது. மார்கழி பிறந்துவிட்டால் வீடு பார்க்க ஒருவரும் வரமாட்டார்கள்.

வீட்டை விற்றுத் தரும் பொறுப்பைச் சுடலைமுத்துவிடம் கொடுத்திருந்தார். பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு, இப்போது ஊரில் வீட்டு புரோக்கர். நல்ல நாள் பார்த்து, தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மேலே பத்திர நகலையும் வைத்துக் கொடுத்தாயிற்று. தாம்பூலம் வைத்துக் கொடுத்த வேலையைத் திருப்பிக் கேட்கிற வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. வாங்கியவர் என்னால் ஆகாது என்று சொல்கிற வழக்கமும் கிடையாது. இப்படி இரண்டு பக்கமும் பூட்டுப் போட்டுக்கொள்வதற்கு நாங்கள் மரியாதை என்று பெயர் வைத்திருக்கிறோம்.

“என்னதான் செஞ்சாரு?”

“கேளுங்கம்மா அந்தக் கூத்தை. தூத்துக்குடியிலேர்ந்து ஒரு குடும்பம் கார் புடிச்சு வந்துது. ராகு காலம் முடியட்டும்னு அவங்களை டீக்கடையில உக்கார வச்சுட்டான். அவங்க சும்மா இருப்பாங்களா? எதுத்தாப்புல இருந்த வீட்டைப் பாத்து அட்வான்ஸ் குடுத்துட்டுப் போயிட்டாங்க.”

“அப்புறம்?”

“இன்னொருத்தரு வந்தாரு. தெக்குப் பாத்த வாசல்னு அவரு கவனிக்கவே இல்ல. இவனா எடுத்துச் சொல்லுதான், ‘தெக்கு வாசல்தான், ஆனா இவங்களுக்கு ஒரு கெடுதலும் வரல’ன்னு. கோமதி வாக்கரைப் புடிச்சுக்கிட்டு நிக்கா! அந்த மனுஷன் அவளை ஒரு பார்வை பாத்தாரு. போனவருதான்.”

“போட்டோ எடுத்துப் போட்டாரா?”

“போட்டான். ஒரே ஒரு போட்டோ. அதுல வீட்டைத் தேடணும். என் வேட்டிதான் முழுசாத் தெரியுது, கொடியில காயுது.”

உலகம்மையின் உதடு லேசாகத் துடித்தது. ஆனால் சிரிக்கவில்லை.

“வயிறு எரியுதும்மா. கோமதி சன்னல்லயே உக்காந்திருக்கா. எதுத்த வீட்டுக்காரி கோலத்துல புள்ளி தப்பா வச்சிருக்கான்னு மேலேர்ந்து சொல்லிக்கிட்டிருக்கா. அதைக் கேக்க முடியல என்னால.”

“இதையெல்லாம் அவருகிட்ட சொன்னீங்களா?”

“எப்படிம்மா சொல்ல? வருவான், காப்பி குடுப்பேன். ‘மெதுவாப் பாருடே, ஒண்ணும் அவசரமில்ல’ம்பேன். போயிருவான்.”

உலகம்மை அரிவாள்மனையை மடக்கி வைத்தார்.

“நாளைக்கு அவரைக் கூட்டிட்டு வாங்க.”

மறுநாள் சுடலைமுத்து ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து கும்பிட்டார். தெய்வநாயகம் பக்கத்தில் நின்றார்.

உலகம்மை சுற்றி வளைக்கவில்லை.

“மடத்துக்கு ரோட்டுமேல ஒரு மனை இருக்கு. சமையல்கட்டுக் கூரை எப்ப விழுமோன்னு நிக்கி. மனையை வித்துத்தான் அதைச் சரி பண்ணணும். வித்துத் தருவீங்களா?”

சுடலைமுத்துவுக்கு வியர்த்துவிட்டது. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

“அம்மா, உங்ககிட்ட உள்ளதச் சொல்லிருதேன். எனக்கு வாடகைக்கு வீடு புடிச்சுக் குடுக்கதுதான் தொழிலு. விக்கது வாங்குறதெல்லாம் எனக்கு அவ்வளவா...”

“தன்னடக்கம்மா!” தெய்வநாயகம் குறுக்கே பாய்ந்தார். “எப்பவும் அப்படித்தான். தன்னைப் பத்தி ஒசத்தியா ஒரு வார்த்தை பேசமாட்டான்.”

“இல்லடே, நான் என்ன சொல்ல வாரேன்னா...”

“நீ சும்மா இருடே. எனக்குத் தெரியாதா உன்ன?”

உலகம்மை தெய்வநாயகத்தின் முகத்தையே பார்த்தார்.

“அப்ப இவரை நம்பி மனையைக் குடுக்கலாங்கீங்க?”

“தாராளமாக் குடுக்கலாம்மா. இவன மாதிரி ஆளு கிடைக்கமாட்டான்.”

சுடலைமுத்து தலையைக் குனிந்துகொண்டார். பாராட்டு வாங்கிய மனுஷர் மாதிரியே இல்லை.

“சரி” என்றார் உலகம்மை. “நாளைக்கு நாள் நல்லாருக்கு. வெத்தலை பாக்கு வச்சுத் தந்திருதேன்.”

சுடலைமுத்து ஏதோ சொல்ல வந்தார். சிநேகிதர் முகத்தைப் பார்த்தார். பிறகு கைகூப்பிவிட்டு வெளியே நடந்தார்.

அவர் முற்றத்தைத் தாண்டினாரோ இல்லையோ, தெய்வநாயகம் பதறிக்கொண்டு கிட்டே வந்தார்.

“அம்மா, வெத்தலை பாக்கு மட்டும் வச்சிராதீங்க. மடத்துச் சொத்தும்மா! அவன் கைக்குப் போனா விக்கவே விக்காது. உங்க கூரை விழுந்துதான் போகும்.”

“இப்பதான தாராளமான்னீங்க?”

“அவன் முன்னால வேற என்னம்மா சொல்ல முடியும்? அத்தனை வருஷப் பழக்கம். மூஞ்சிக்கு நேரா சொன்னா மனசு நொந்துருவான்.”

உலகம்மைக்குக் கோபம் வந்து மடத்தில் யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு வந்தது.

“என் கூரை விழும்னதும் ஒரு நிமிஷம் பொறுக்கல உங்களுக்கு. பங்குனியிலேர்ந்து கோமதியம்மா மாடியிலயே கெடக்காங்க. அந்த மனுஷன் உள்ளதச் சொல்ல வாயைத் தொறந்தாரு. அதைப் பொத்துனது யாரு?”

தெய்வநாயகத்துக்கு முகம் வெளுத்துப்போனது.

“இப்ப நான் என்னம்மா செய்ய?”

“அதை ஏன் எங்கிட்ட கேக்கீங்க? அங்க பாருங்க, அவரு இன்னும் வாசல்ல செருப்புதான் மாட்டிக்கிட்டு இருக்காரு.”