இரும்பு வணிகர் காப்புக் கட்டிக்கொண்ட கதை

ரொம்பக் காலத்துக்கு முன்னால் கருங்குன்ற நாட்டை மாணிக்கமாறன் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு பேச்சு, மாலையில் ஒரு பேச்சு. தோசை முறுகலாக வந்த அன்று சிறையில் இருப்பவனை விடுதலை செய்வார். கருகிவிட்டால் வாசலில் நிற்பவனைப் பிடித்து உள்ளே போடுவார்.

அவர் சபையில் நாகதேவர் என்ற இரும்பு வணிகர் இருந்தார். குன்றை வெட்டி இரும்புக்கல் எடுக்கும் உரிமை அவருக்குத்தான். ராஜாவின் வாளும் வேலும் அந்த இரும்பில் அடித்தவை என்பதால் சபையில் நாகதேவர் உட்காரத் தனி மெத்தை. அமைச்சர் சாத்தையனை மட்டும் அவருக்கு ஆகாது. ராஜா அமைச்சருக்கு வெற்றிலை நீட்டினாலே இவருக்கு வயிறு எரியும்.

ஒருநாள் குன்றின் அடிவாரத்துப் பாறையடி ஊரிலிருந்து வெள்ளையம்மா என்ற பெண் முறையிட வந்தாள்.

"மகாராசா, வெட்டுன கல்லை எங்க ஓடையிலதான் கழுவுறாக. அந்தச் செம்மண் தண்ணி அம்புட்டும் நாங்க குடிக்கிற ஊருணியில வந்து விழுது. என் மக பேறுகாலத்துக்கு வந்திருக்கா. பெறக்கப்போற பிள்ளைக்கு ஊத்த நல்ல தண்ணி இல்ல."

நாகதேவர் சிரித்தார். "அரசே, அந்த ஊருக்கு நான் செய்யாததா? கல்மண்டபம் கட்டினேன். என் பிறந்தநாளுக்கு அன்னதானம் போட்டேன். பெண்களுக்குச் சேலை கொடுத்தேன்."

"மண்டபத்தக் கரைச்சா குடிக்க முடியும்?" என்றாள் வெள்ளையம்மா.

ராஜாவின் மடியில் நாகதேவர் கொடுத்த புது வாள் இருந்தது. "இத்தனை தர்மம் செய்தவரைக் குறை சொல்லாதே. போய் வா" என்று சொல்லிவிட்டார்.

வெள்ளையம்மா திரும்பும்போது அமைச்சர் மெதுவாகக் கேட்டார். "ஏம்மா, உங்கள் ஊர் அம்மன் திருவிழா எப்போது?"

"ஊருணி செவந்ததுல இருந்து நின்னுபோச்சுங்க. காப்புக் கட்ட யாரும் முன்வரல."

"கட்டிக்கொள்பவருக்கு என்ன மரியாதை?"

"தலையில பரிவட்டம், பிடிக்கக் குடை, முன்னால மேளம். ராசாவே வந்தாலும் திருநீறு காப்புக் கட்டுனவருக்குத்தான் மொதல்ல."

"அப்படியானால் இந்த வருஷம் நானே கட்டிக்கொள்கிறேன்."

நாகதேவர் மெத்தையிலிருந்து எழுந்துவிட்டார். "குன்று என் பொறுப்பில். மண்டபம் என்னுடையது. பரிவட்டம் மட்டும் இவருக்கா?"

"தாராளமாக நீங்களே கட்டிக்கொள்ளுங்கள். ஆனால் காப்புக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. கேட்டுவிட்டு..."

"நான் பார்க்காத திருவிழாவா? எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம்."

ராஜாவுக்கு வேடிக்கை பிடித்துப்போயிற்று. "அவரே கட்டட்டும். நானும் வருகிறேன்" என்றார்.

திருவிழா வந்தது. பரிவட்டம், குடை, மேளம் எல்லாம் நடந்தது. பூசாரி மஞ்சள் கயிற்றை மணிக்கட்டில் கட்டினார். நாகதேவர் அமைச்சரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "என் வண்டியில் தண்ணீர்க் குடம் இருக்கிறது, கொண்டு வாருங்கள்" என்றார்.

"ஆகாது சாமி" என்றார் பூசாரி. "காப்புக் கட்டுனவுக ஊர்த் தண்ணியத்தான் குடிக்கணும். எல்லையும் தாண்டக் கூடாது."

"எதுவரைக்கும்?"

"ஊருணிக் கரையில அம்மனத் தூக்கிப் பிடிப்போம். தண்ணியில ஆத்தா முகம் தெரிஞ்சதும் அவுத்துருவோம். முன்னெல்லாம் அன்னைக்கே தெரிஞ்சிரும்."

அம்மனைத் தூக்கிப் பிடித்தார்கள். ஊருணி செங்கல் குழைத்த தண்ணீராகக் கிடந்தது. முகமும் தெரியவில்லை, மூக்கும் தெரியவில்லை. காப்பை அவிழ்க்கச் சொல்லுங்கள் என்று நாகதேவர் ராஜாவிடம் ஓடினார்.

"வேறு எதைக் கேட்டாலும் செய்வேன். ஆத்தா காப்பில் கை வைக்க எனக்குத் தைரியம் இல்லை" என்று சொல்லி ராஜா பல்லக்கில் ஏறிப் போய்விட்டார்.

நாகதேவர் தன் மண்டபத்திலேயே தங்கினார். ஊருணித் தண்ணீரை வேட்டியில் வடிகட்டினார். வேட்டி சிவந்ததே தவிரத் தண்ணீர் தெளியவில்லை. குடித்தார், வயிறு கலங்கிப் படுத்துவிட்டார். பெரிய மனிதர் செம்பும் கையுமாக ஓடியதை ஊரே பார்த்தது. வெள்ளையம்மாதான் அதே தண்ணீரில் சீரகம் போட்டுக் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்தாள்.

"குடிங்க. என் பேத்திக்கும் இப்பிடித்தான் காச்சி ஊத்துறோம்."

"குழந்தை பிறந்துவிட்டதா?"

"போன வாரம். உங்களுக்கு வந்த சீக்குத்தான் அதுக்கும். நீங்க எந்திரிச்சிருவீக. அது எந்திரிக்குமான்னு தெரியல."

நாகதேவர் குவளையைக் கீழே வைத்தார். வெட்கம் என்றால் என்ன என்று அவருக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. உடனே குன்றில் வேலையாட்களை மேய்க்கும் கங்காணியைக் கூப்பிட்டார். "ஓடையில் கல் கழுவுவதை நிறுத்து. தனியாகக் குழி வெட்டிக் கழுவு. அந்தத் தண்ணீர் குழியை விட்டு வெளியே வரக் கூடாது. ஊருணியைத் தூர்வாரு. அதற்கு முன்னால் அந்தக் குழந்தைக்கு என் வண்டிக் குடத்தைக் கொண்டு கொடு. காப்பு எனக்குத்தானே, அதற்கு இல்லையே."

"குழி வெட்டலாம்னு முன்னமே சொன்னேங்கய்யா. நீங்கதான் வேண்டாத செலவுன்னீங்க."

"சொன்னேன். இப்போது வெட்டு."

குழந்தை தேறியது. மழை பெய்து ஊருணி நிறைந்து தெளிந்தது. அம்மன் முகம் தண்ணீரில் தெரிந்த அன்று, காப்பு அவிழ்ந்ததும் நாகதேவர் நேரே சபைக்கு வந்தார். ஆள் பாதியாகியிருந்தார். வெட்கம் ஒருபக்கம் இருந்தாலும் அமைச்சர்மேல் இருந்த கோபம் போகவில்லை.

"அரசே, அமைச்சர் என்னைச் சிக்கவைத்துவிட்டார்."

"அவர் கட்டுப்பாட்டைச் சொல்ல வந்தார். நீர்தான் கேட்கவில்லை" என்றார் ராஜா. மெத்தையை எடுக்கச் சொல்லி அவரை வெறுந்தரையில் உட்காரவைத்தார். பிறகு அமைச்சரிடம், "உமக்கு என்ன வேண்டும், கேளும்" என்றார்.

"எனக்கு ஒன்றும் வேண்டாம். இந்த நாட்டில் குன்றை வெட்டுகிறவர் யாராக இருந்தாலும், முதல் கடப்பாரை விழுவதற்கு முன் அடிவாரத்து ஊரில் காப்புக் கட்டிக்கொள்ள வேண்டும். வெட்டி முடிகிறவரை அவிழ்க்கக் கூடாது."

ஆணையை அவர் கையோடு எழுதிக் கொண்டுவந்திருந்தார். ராஜாவின் மனசு மாறுவதற்குள் முத்திரை விழுந்துவிட்டது.

அதற்குப் பிறகும் அந்த நாட்டில் குன்று வெட்ட வணிகர்கள் வந்தார்கள், இரும்பும் கிடைத்தது. ஆனால் வருகிற ஒவ்வொருவரும் குன்றை அண்ணாந்து பார்ப்பதற்கு முன்னால் ஊருக்குள் போய், "நீங்கள் எங்கே தண்ணீர் எடுக்கிறீர்கள்?" என்று கேட்டார்கள்.