கழுவி வைத்த ஸ்ட்ராபெரி

மேற்கு மலையில், ஓடைக்கரை நாவல் மரமொன்றில் செவ்வாலி என்னும் மலையணில் வாழ்ந்து வந்தது. அந்த மரத்தடியில் ஒரு ஸ்ட்ராபெரிப் பாத்தி இருந்தது. அந்தக் காட்டில் வேறு எவரிடமும் அப்படியொரு பாத்தி இல்லை. மனிதர்களின் தோட்ட வேலியோரம் கிடந்த ஒரேயொரு கொடியை வாயில் கவ்வி வந்து நட்டு, இரண்டே ஆண்டுகளில் அதை நாற்பது செடிகளாகப் பெருக்கியிருந்தது செவ்வாலி.

பழம் மண்ணில் படக் கூடாது என்று ஒவ்வொரு செடியின் அடியிலும் காய்ந்த புல்லைப் பரப்பியது. பழம் சிறுத்துவிடக் கூடாது என்று, காய்க்கும் காலத்தில் நீளும் கொடிகளை அன்றன்றே கடித்து நறுக்கியது. பாத்தியில் ஒரு சருகு கோணலாகக் கிடந்தாலும் அதற்குச் சோறு இறங்காது.

இத்தனை பாடும் நாவின் ருசிக்காக அன்று. சென்ற மழைக்காலத்தில் பதினேழு நாள் விடாமழை பெய்தது. கூட்டை விட்டுத் தலையை நீட்டவும் முடியவில்லை. மழை தொடங்கியபோது கூட்டில் மூன்று குட்டிகள் இருந்தன. ஓய்ந்தபோது இரண்டே இருந்தன. இவ்வாண்டும் கூட்டில், பழம் கடிக்கப் பழகத் தொடங்கிய இரண்டு குட்டிகள். இந்த முறை ஒன்றைக்கூட மழைக்குக் கொடுப்பதில்லை என்று செவ்வாலி உறுதி பூண்டிருந்தது. பழத்தை நறுக்கி, வெயிலில் உலர்த்தி, தேனில் இட்டு, மூங்கில் குழல்களில் அடைத்துவிட வேண்டும். தேன் தயார். குழல்களும் தயார். ஆனால் பழங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுத்துத் தொங்கின! தனி ஒருத்தியால் பறித்து முடிக்க முடியுமா?

வேறு வழியின்றி அண்டை அயலாரை அழைத்தது. ஓடையில் வாழும் துறையன் என்னும் நீர்நாய் வந்தது. எதிர்மரத்தில் வாழும் கருமுகி என்னும் கருமந்தியும் வந்தது.

"இருவரும் கவனமாகக் கேளுங்கள்! இன்னொரு முறை சொல்ல மாட்டேன்!" என்று தொடங்கியது செவ்வாலி. "பனி உலர்ந்த பிறகே பறிக்க வேண்டும். காம்போடு கிள்ள வேண்டும். பழத்தைப் பிடித்து இழுக்கக் கூடாது. தலையில் உள்ள பச்சை இதழைக் கழற்றக் கூடாது. பறித்ததைப் பாறைமேல் ஒன்றோடொன்று ஒட்டாமல் வைக்க வேண்டும்."

"ஏன் அக்கா, அந்தப் பச்சை இதழ் எதற்கு..." என்று இழுத்தது துறையன்.

"ஏன், எதற்கு என்று கேட்டுக்கொண்டு நின்றால் பொழுது போய்விடும்! சொன்னதைச் சொன்னபடி செய், துறையா!"

"நானும் ஒன்று கேட்க வேண்டும்," என்றது கருமுகி.

"கூடாது!"

"தின்னலாமா என்றுதான் கேட்க வந்தேன்."

"அதுவும் கூடாது!"

கருமுகி துறையனின் காதருகே குனிந்தது. "பார்த்தாயா தம்பி, நம்மைக் கூப்பிட்டது உதவிக்கு அல்ல, ஊழியத்துக்கு!"

செவ்வாலிக்கு அது நன்றாகவே கேட்டது. கேளாதது போலக் குட்டிகளுக்குப் பால் கொடுத்துவிட்டு, குழல்களின் மூடியைக் கட்டுவதற்கு நார் தேடி மலைச்சரிவுக்குச் சென்றது.

மாலையில் திரும்பி வந்தபோது, பாறைமேல் ஒரு பழமும் இல்லை! பதறிப்போய் மரப்பொந்தை எட்டிப் பார்த்தது. அங்கே பாதிப் பாத்தியின் பழங்களும் ஒரே குவியலாகக் கிடந்தன. சொட்டச் சொட்ட நனைந்து, பளபளவென்று மின்னின.

"இது என்ன?" என்றது செவ்வாலி.

"கழுவிவிட்டேன் அக்கா!" என்றது துறையன் பெருமையாக. "ஒவ்வொரு பழத்தையும் மூன்று முறை கழுவினேன்!"

"மூன்று முறையா!"

"குறைவா அக்கா? நாளைக்கு வேண்டுமானால் நான்கு முறை..."

"உன்னை யார் கழுவச் சொன்னார்கள்?"

"யாரும் சொல்லவில்லை. கழுவாதே என்றும் நீங்கள் சொல்லவில்லையே! எங்கள் குடும்பத்தில், கழுவாத பொருளைப் பிறர் கையில் கொடுப்பது அவமரியாதை, அக்கா."

"நான் மட்டும் சும்மா இருந்தேனா?" என்று நடுவே புகுந்தது கருமுகி. "நீ வருவதற்குள் இரண்டு குழல்களில் பழத்தைத் தேனில் போட்டு, மூடியையும் இறுக்கி அடித்துவிட்டேன். ஒரு நல்ல வார்த்தை சொன்னால் வாய் வலிக்குமா?"

"ஈரப் பழத்தையா தேனில் போட்டாய்?"

"கழுவினால் ஈரமாகத்தானே இருக்கும்? அது எனக்குத் தெரியாதா?"

செவ்வாலி இரண்டு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. நீர்நாய் எதைக் கண்டாலும் கழுவும் என்பது அதற்குத் தோன்றவே இல்லை. இப்படி ஒரு பிழையும் உலகில் உண்டென்று யார்தான் நினைப்பார்கள்! மறுநாள் நனைந்த பழங்களை வெளியே எடுத்துப் பரப்பியது. ஆனால் அன்று முழுவதும் மலையை மூடுபனி மூடிக்கொண்டது. மாலையில் அவற்றை ஈரத்தோடே மீண்டும் பொந்துக்குள் வைக்க வேண்டியதாயிற்று.

மூன்றாம் நாள் காலையில் பழங்கள் அனைத்தின்மேலும் வெள்ளைப் பூசணம் பஞ்சுபோலப் படர்ந்திருந்தது. செவ்வாலி ஒரு பழத்தைக் கையில் எடுத்துப் பார்க்கும்போதே, பின்னால் 'டப்!' என்று ஓர் ஓசை. தேன் புளித்துப் பொங்கி, மூங்கில் குழலின் மூடி பறந்து, எட்டிப் பார்க்க வந்த கருமுகியின் மூக்கில் போய் மோதியது.

"ஐயோ, என் மூக்கு! உன் குழல் என்னை அடிக்கிறது!" என்று அலறியது கருமுகி.

"அடிக்கட்டும்! இன்னொரு குழலும் இருக்கிறது, அங்கேயே நில்!" என்று கத்தியது செவ்வாலி. "போதும் உங்கள் உதவி! இருவரும் போய்விடுங்கள்! பாத்திப் பக்கம் இனி உங்கள் நிழலும் விழக் கூடாது!"

"வேலை வாங்குவதும் நீ, வைவதும் நீ! நன்றாக இருக்கிறது உன் நியாயம்!" என்று முணுமுணுத்தபடி கருமுகி மரமேறியது. துறையன் வாலைத் தரையில் இழுத்துக்கொண்டே ஓடைக்குப் போயிற்று.

எஞ்சியிருந்த பாதிப் பழங்களைச் செவ்வாலி தனியாகவே பறித்தது. தனியாகவே நறுக்கியது. பாறைமேல் வரிசை வரிசையாகப் பரப்பி, இரண்டு நாள் வெயிலில் புரட்டிப் புரட்டி உலர்த்தியது. இன்னும் ஒரு நாள் வெயில் கிடைத்தால் போதும்.

அந்த ஒரு நாள் கிடைக்கவில்லை. நண்பகலில் மலைமுகட்டின்மேல் கருமேகம் ஏறி நின்றது. காற்று திரும்பியது. நாவல் மரத்தின் பொந்து பூசணத்தால் நாறிக் கிடந்தது. அதில் எதையும் வைக்க இயலாது. கூட்டிலோ குட்டிகள் படுக்கவே இடம் போதவில்லை. மீதியும் போய்விட்டால் இந்த மழைக்குக் குட்டிகளுக்கு எதைக் கொடுப்பது? செவ்வாலி பாறையைப் பார்த்தது, வானத்தைப் பார்த்தது. பிறகு ஓடையை நோக்கி ஓடியது.

"துறையா! துறையா!"

நீரிலிருந்து மெல்ல ஒரு தலை எழுந்தது. "மறுபடியும் என்ன பிழை செய்துவிட்டேன், அக்கா?"

இதைச் செய், அதைச் செய்யாதே என்று அடுக்குவதற்குச் செவ்வாலி வாயைத் திறந்தது. ஆனால் அடுக்குவதற்கு நேரம் ஏது? மூச்சிரைக்க உண்மையை மட்டும் கொட்டியது.

"ஈரம்தான் எதிரி, துறையா! பழத்தில் துளி ஈரம் நின்றாலும் பூசணம் பிடிக்கும். பச்சை இதழைக் கழற்றினால் அந்தக் காயத்தில் சாறு கசிந்து அழுகும். ஈரத்தோடு தேனில் போட்டால் தேன் நீர்த்துப் புளிக்கும். அதனால்தான் அத்தனையும் சொன்னேன். இப்போது மழை வருகிறது. என் குட்டிகளுக்கு இருப்பது அது மட்டும்தான்!"

துறையன் கண்களை அகல விரித்தது. "ஈரமா எதிரி? இதை அன்றைக்கே சொல்லியிருக்கக் கூடாதா? தண்ணீருக்குள் பிழைத்தாலும், தண்ணீர் நுழையாத வீட்டில்தான் நாங்கள் உறங்குகிறோம்! கரைக்குள்ளே என் வளையில் ஒரு மேலறை இருக்கிறது. வெள்ளம் வந்தாலும் நனையாது. தரை முழுவதும் காய்ந்த புல். மேலே, மழை விழாத பாறை மறைவில், காற்று வர ஒரு துளையும் உண்டு. வாருங்கள்!"

கரையேறிய துறையன் பாறைக்குப் பத்தடி முன்னதாகவே நின்றுவிட்டது.

"ஏன் நின்றுவிட்டாய்?"

"நான் நனைந்த உடம்பு, அக்கா. ஒரு துண்டையும் தொட மாட்டேன். துளை இருக்கும் இடத்தை மட்டும் காட்டுகிறேன். நீங்கள் அதன் வழியாக உள்ளே இறக்குங்கள்."

செவ்வாலி திகைத்தது. இதை யாரும் துறையனுக்குச் சொல்லிக்கொடுக்கவில்லை!

மரத்தின்மேலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த கருமுகி சரசரவென்று இறங்கி வந்தது. வரும்போதே அகன்ற பெரணி இலைகளை ஒடித்து வந்தது. "நீ சுமந்து செல், நான் மேலே குடை பிடிக்கிறேன். இலைநுனியை வெளிப்பக்கம் சாய்த்துப் பிடித்தால் ஒரு சொட்டும் உள்ளே விழாது. கையையும் துடைத்துவிட்டேன். போதுமா, அம்மணி?"

"போதும், போதும், நட!"

முதல் மழைத்துளி பாறையில் விழுந்தபோது அங்கே மூன்றே துண்டுகள் எஞ்சியிருந்தன. அவற்றையும் செவ்வாலி வாயில் கவ்விக்கொண்டு ஓடியது.

வளையின் மேலறையில் ஒரு நாள் கிடந்ததிலேயே பழத்தின் எஞ்சிய ஈரமும் போய்விட்டது. மறுநாள் அங்கேயே அவற்றைத் தேனில் இட்டு, ஒன்பது குழல்களை அடைத்து, இலைக்குடையின் கீழ்க் கொண்டுபோய்க் கூட்டின் வாயிலை ஒட்டிய கிளையில் கட்டின. எந்த மூடியும் பறக்கவில்லை. மழை இருபது நாள் பெய்தது.

இருபத்தோராம் நாள் வெயில் வந்தது. கிளையில் செவ்வாலி அமர்ந்திருந்தது. அதன் இருபுறமும் கொழுகொழுவென்று இரண்டு குட்டிகள் உட்கார்ந்து வெயில் காய்ந்தன.

"எப்படி அக்கா, பழம் ருசியாக இருந்ததா?" என்று கீழேயிருந்து கேட்டது துறையன்.

"உன் வீட்டுப் புல்லால் அத்தனையும் மீன் வாடை!" என்று சிடுசிடுத்தது செவ்வாலி. உடனே, "ஆனால் குட்டிகள் ஒரு துண்டையும் மிச்சம் வைக்கவில்லை. கொடி நடும் நாளில் இருவரும் வாருங்கள். எதை ஏன் செய்கிறோம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன்," என்றது.

ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லும்போதே அதை ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். காரணத்தைத் தன்னிடமே வைத்துக்கொண்டு பிழைக்குப் பிறரைக் கடிந்துகொள்வது அறிவுடைமை ஆகாது.