பூணூல் கழற்றிய பிள்ளையாரும் வடிவு சிஸ்டரும்

பொருநை ஆறு பாயும் நாட்டில், ஊருக்குச் சற்று ஒதுக்குப்புறமாக ஒரு மனநல மருத்துவமனை உண்டு. அதில் வளரிளம் பிள்ளைகளுக்கென்று தனியாக ஒரு வார்டு. மனம் நொந்த பிள்ளைகள் சில வாரங்கள் தங்கி, ஆறி, வீட்டுக்குப் போகும் இடம் அது. அங்கே செவிலியராக இருந்து தொண்டு செய்தவர் வடிவாம்பாள் அம்மையார். பிள்ளைகளுக்கு அவர் வடிவு சிஸ்டர்.

அவருடைய தொண்டு பெரிதாகச் சொல்லிக்கொள்ளும்படி இராது. காலையில் பல் தேய்க்கும் பிரஷ்களை எடுத்துக் கொடுப்பார். தேய்த்து முடித்ததும் திரும்ப வாங்கிப் பூட்டி வைப்பார். போர்வைக்குள் சுருண்டு கிடக்கும் பிள்ளையைக் குளிக்க வரும்படி கெஞ்சுவார். பேன் பார்ப்பார். சாப்பிட்ட தட்டோடு கரண்டியும் திரும்பி வந்ததா என்று பார்ப்பார். இவை போக மீதி நேரமெல்லாம் சும்மா உட்கார்ந்திருப்பார்.

அந்த உட்காருதல்தான் அங்கே பெரிய வேலை. தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் என்று மருத்துவர் அஞ்சுகிற பிள்ளையின் பக்கத்தில், கைக்கெட்டும் தூரத்தில், யாராவது ஒருவர் எந்நேரமும் இருக்க வேண்டும். பேச வேண்டும் என்பதில்லை. புத்தி சொல்லவே கூடாது. மற்ற செவிலியர்கள் சிறிது நேரத்தில் கொட்டாவி விட்டு, கடிகாரத்தைப் பார்த்து, அடுத்தவரைக் கூப்பிட்டு விடுவார்கள். வடிவு அம்மையாரோ முதுகு சாய வழியில்லாத ஒரு முக்காலியில் அமர்ந்தால் அமர்ந்ததுதான். மௌனத்தின் ஆழம் பார்க்கத் தெரிந்தவர் அவர். ஒரு பிள்ளை பேசாமல் இருப்பதற்கும் பேச முடியாமல் இருப்பதற்கும் உள்ள வேறுபாடு, அவருக்குப் பக்கத்தில் இருந்தே தெரிந்துவிடும்.

இதற்காக அவர் பட்ட ஏச்சு கொஞ்சமல்ல. அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்த ஹேமலதா தலைமைச் செவிலியர் ஆகிவிட்டார். "வடிவக்காவுக்கு என்ன, கோயில் சிலை மாதிரி உக்காந்தாப் போதும், மாசம் பொறந்தா சம்பளம்" என்று மற்றவர்கள் அவர் காதில் விழும்படியே பேசுவார்கள். பேருந்து நடத்துனர் தினமும் அந்த நிறுத்தத்தில் விசிலை ஊதி, "பைத்தியாஸ்பத்திரி எல்லாம் எறங்கு!" என்று கூவிவிட்டு அம்மையாரைப் பார்ப்பார்.

"எறங்குதேன் தம்பி. நீயும் வாரதுன்னா வா, கட்டில் காலியா இருக்கு" என்று சொல்லிவிட்டு, அம்மையார் சாவகாசமாக இறங்குவார்.

வார்டின் முற்றத்தில் ஒரு வேப்பமரம். அதன் அடியில் ஒரு பிள்ளையார். கட்டடம் வருவதற்கு முன்பே அவர் அங்கே இருந்தாராம். அவரைச் சுற்றித்தான் சுவர் எழுப்பினார்களாம். தினமும் வேலை தொடங்குமுன் அம்மையார் அவருக்கு அருகம்புல் சாத்தி, காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடுவார். அவருடைய முழங்கால்கள் எழுப்பும் ஓசை முற்றத்தின் மறுகோடி வரை கேட்கும். அந்த வார்டில் ஜெபின் என்றொரு பையன் இருந்தான். தூக்கம் பிடிக்காத நோயோடு வந்தவன், வாயும் தூங்காது. எண்ணுவது அவன் வேலை.

"நாலு... அஞ்சு... சிஸ்டர், அஞ்சாவது சரியாக் குனியல. செல்லாது. நாலு."

"ஏலே, எனக்கும் அவருக்கும் உள்ள கணக்குல நீ யாருல நடுவுல?"

"நான் நடுவருதான் சிஸ்டர். நாலு!"

இப்படி இருக்கையில் மருத்துவமனையில் ஒரு புதிய சட்டம் வந்தது. அறங்காவலர் சங்கரபாண்டியனார் பாதுகாப்பு அதிகாரி ஒருவரை வரவழைத்திருந்தார். அவர் வார்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, கயிறு, நூல், கண்ணாடி, கூர்முனை, நெருப்பு இவற்றில் எதுவும் உள்ளே இருக்கக் கூடாது என்று ஆணையிட்டார். பிள்ளைகளின் பாவாடை நாடாக்களும் செருப்பு வார்களும் போயின. ஜன்னல் திரைகளின் கயிறுகள் போயின. அதிகாரி கிளம்பிப் போனபின் வடிவு அம்மையார் முற்றத்தில் வந்து நின்றார். பிள்ளையாரின் மேல் ஒரு பூணூல், கழுத்தில் சரம் தொடுத்த மாலை, பக்கத்தில் விளக்கு, உடைத்த தேங்காய் மூடி.

"சாமிக்கு எல்லாம் சட்டம் இல்ல சிஸ்டர், விட்டுருங்க" என்றார் ஹேமலதா.

பல ஆண்டுகளுக்கு முன் அந்த வார்டில் நூல் ஒன்றால் நேரவிருந்த ஒன்றை அவர் கண்டிருந்தார். அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை, அன்றும் சொல்லவில்லை. விளக்கை எடுத்தார். தேங்காயை எடுத்தார். மாலையை உருவிப் பூக்களை மட்டும் உதிரியாகத் தூவினார். கடைசியாக, பூணூலையும் கழற்றிச் சுருட்டித் தன் பையில் போட்டுக்கொண்டார்.

"கோவிச்சுக்கிடாதியும்வே" என்றார் பிள்ளையாரிடம். "பிள்ளையளுக்கு என்ன சட்டமோ அதான் உமக்கும். இனி உம்மகிட்ட குடுக்கதுக்கு என்கிட்ட ஒண்ணுமில்ல. நான் வந்து உக்காருவேன். அம்புட்டுத்தான்."

பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம். தங்களுக்கு நேர்ந்ததெல்லாம் அவருக்கும் நேர்ந்துவிட்டதே! ஜெபின், நோயாளிகளின் கையில் கட்டுவது போன்ற ஒரு காகிதப் பட்டையில் பெயர் எழுதி, பிசின் தடவி, பிள்ளையாரின் மணிக்கட்டில் ஒட்டினான். அன்றிலிருந்து அவரும் அந்த வார்டின் நோயாளி ஆனார்.

அந்த வாரம்தான் நிரஞ்சனி வந்து சேர்ந்தாள். பதினைந்து வயது. இரண்டு கையிலும் முழுக்கைச் சட்டை, அந்த வெயிலிலும். யாரோடும் பேசமாட்டாள். வந்த சில நாட்களில், முற்றத்தில் நடந்த ஓவிய வகுப்பு முடிந்து பொருள்களைத் திரும்ப வாங்கும்போது, ஓவிய ஆசிரியர் வெளியிலிருந்து எடுத்து வந்த ஷார்ப்னர் ஒன்று வெறும் கூடாக வந்தது. உள்ளே இருந்த பிளேடு இல்லை.

வார்டே கலங்கிப் போயிற்று. மெத்தைகளை உதறினார்கள். தலையணை உறைகளைப் புரட்டினார்கள். குளியலறைச் சல்லடைகளைக் கழற்றினார்கள். ஹேமலதா ஜெபினின் பிஸ்கட் பொட்டலத்தைக் கூட விடவில்லை. அவன் ஒவ்வொரு பிஸ்கட்டையும் உடைத்துக் காட்டி, உடைத்ததையெல்லாம் தின்றான். நிரஞ்சனியை மூன்று முறை சோதித்தார்கள். கிடைக்கவில்லை. அவள்தான் எடுத்தாள் என்று எல்லோருக்கும் தெரியும். எங்கே என்றுதான் தெரியாது.

"இன்னொரு தடவை நல்லாப் பிடிச்சுத் தேடிருவோம்" என்றார் ஹேமலதா.

"தேடுனா இன்னும் நல்லா ஒளிப்பா" என்றார் வடிவு அம்மையார். "அவளாக் குடுக்கட்டும். அது வரைக்கும் நான் பக்கத்துல இருக்கேன்."

"அதுக்குள்ள அவ ஏதாவது செஞ்சிட்டான்னா?"

மருத்துவர் மீனலோசனி, கைக்கெட்டும் தூரத்தை விட்டு யாரும் நகரக் கூடாது என்று உத்தரவிட்டார். இரவில் மற்றவர்கள். பகல் முழுவதும் வடிவு அம்மையார்.

ஆனால் ஓர் அதிசயம் நடந்தது. நிரஞ்சனி தினமும் தானாக எழுந்து முற்றத்துக்குப் போய்ப் பிள்ளையாரின் இடப்பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மையார் முக்காலியைத் தூக்கிக்கொண்டு போய் வலப்பக்கத்தில் அமர்ந்தார். நடுவில் பிள்ளையார். மூவரும் பேசுவதில்லை. வேப்பம்பூ உதிரும். அணில் ஒன்று வந்து பார்த்துவிட்டுப் போகும். வெயில் மெல்ல நகர்ந்து மூவரின் கால்களையும் தொடும்.

அம்மையாருக்கு உள்ளூரப் பெருமகிழ்ச்சி. 'பார்த்தீரா, பூணூல் இல்லாட்டியும் உமக்கு ஒரு அடியார் கிடைச்சிட்டா' என்று மனத்துக்குள் சொல்லிக்கொண்டார். அந்தப் பெண்ணின் பக்தியை வார்டு முழுவதும் மெச்சியது. ஹேமலதாவே, "சாமி நம்பிக்கை வந்துட்டு, இனி சரியாயிருவா" என்றார்.

ஒரு வெள்ளிக்கிழமை, மருத்துவர் சுற்றுப்பார்வைக்கு வந்திருந்த நேரத்தில், அறங்காவலர் சங்கரபாண்டியனார் வந்தார். நெற்றி நிறையத் திருநீறு, பக்தியில் குறைவில்லாதவர். முற்றத்தைப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னம்மா அநியாயம் இது? பிள்ளையாருக்குப் பூணூல் எங்க?"

"கழட்டிட்டேன் ஐயா."

"யாரைக் கேட்டுக் கழட்டினீங்க?"

"நீங்க போட்ட சட்டந்தான் ஐயா. உள்ள நூல் கூடாதுன்னு."

"அது பேஷண்டுகளுக்கும்மா!"

"அவரும் பேஷண்டுதான் சார்" என்று ஜெபின் நடுவில் புகுந்தான். "பட்டையைப் பாருங்க. டாக்டர், நான் கேஸ் சொல்லுதேன். பேரு விநாயகமூர்த்தி. அப்பாவுக்குச் சுடுகாட்டுல வேலை, வீடு தங்குறதில்ல. சின்ன வயசுல அம்மா சொல்லைக் கேட்டு வாசல்ல நின்னதுக்கு அப்பாவே தலையை எடுத்துட்டாரு. வீட்டுல இதைப் பத்தி யாரும் பேசுறதே கிடையாது. தம்பி ஒருத்தன், ஒரு பழத்துக்காகக் கோவிச்சுக்கிட்டு ஓடிப் போயி மலையில உக்காந்திருக்கான். இவருக்குக் கவலை வந்தாலும் கொழுக்கட்டை, வராட்டியும் கொழுக்கட்டை."

பிள்ளைகள் சிரித்தார்கள். மருத்துவர் உதட்டைக் கடித்துக்கொண்டு, "கொம்பு என்னாச்சு?" என்று கேட்டார்.

"தானா ஒடிச்சிக்கிட்டது டாக்டர். எழுதுறதுக்காகன்னு சொல்லுதாரு." ஜெபின் குரலைத் தாழ்த்தினான். "கேட்டா எல்லாரும் அப்படித்தான ஏதாவது சொல்லுவோம்."

சிரிப்பு நின்றது. பல கைகள் சட்டைக் கைகளை இழுத்துவிட்டுக் கொண்டன. நிரஞ்சனி தலை நிமிர்ந்து முதல் முறையாக ஜெபினைப் பார்த்தாள்.

சங்கரபாண்டியனாருக்கு முகம் சிவந்தது. "தெய்வ நிந்தனை! இனி ஒரு நிமிஷம் இவர் இங்க இருக்கக் கூடாது. முன் ஹாலுக்குக் கொண்டு போங்க. அங்க ஏசி இருக்கு, கண்ணாடிக் கூடு செஞ்சு வைப்போம்" என்று தோட்டக்காரர்கள் இருவரை அழைத்தார். அவர்கள் கடப்பாரையோடு வந்தார்கள்.

வடிவு அம்மையார் எழுந்தார். தமக்காக என்றைக்கும் வாய் திறக்காதவர், அன்று கை கூப்பினார். "ஐயா, என்னைய வேணும்னா வேலையை விட்டு அனுப்பிருங்க. இவரைக் கொண்டு போகாதிங்க. இந்தப் பிள்ளை வேற எங்கயும் வந்து உக்காரமாட்டா."

"அங்க வந்து கும்பிடட்டும்!"

கடப்பாரை பீடத்தின் அடியில் நுழைந்தது. அப்போது நிரஞ்சனி, "நிறுத்துங்க" என்றாள்.

அவள் எழுந்து பிள்ளையாரின் முதுகுப்பக்கம் போனாள். அம்மையாரும் கைக்கெட்டும் தூரத்தில் கூடவே போனார். கல்லுக்கும் பீடத்துக்கும் நடுவே இருந்த வெடிப்பில் விரலை விட்டு எதையோ எடுத்தாள். வெயிலில் அது மினுங்கியது.

"ஐயோ!" என்றார் ஹேமலதா. பிஸ்கட்டைக்கூட உடைத்துப் பார்த்தவர்கள், பூணூலைக்கூட விட்டுவைக்காதவர்கள், பிள்ளையாரை மட்டும் சோதிக்கவில்லை.

வடிவு அம்மையார் பாய்ந்து பிடுங்கவில்லை. உள்ளங்கையை விரித்து நீட்டினார். நீட்டியபடியே நின்றார்.

எவ்வளவு நேரம் என்று சொல்வதற்கில்லை. சங்கரபாண்டியனார் ஏதோ சொல்ல வாய் திறந்தார். வாழ்நாளில் முதல் முறையாக ஜெபின் பேசாமல் இருந்தான். பேசாமல், அறங்காவலரைப் பார்த்துத் தன் உதட்டில் விரலை வைத்தான். அவரும் வாயை மூடிக்கொண்டார். வேப்பம்பூ உதிரும் சத்தம் கேட்டது.

நிரஞ்சனி அந்தப் பிளேடுத் தகட்டை அம்மையாரின் உள்ளங்கையில் வைத்தாள்.

"தினமும் இதை எடுக்கணும்னுதான் வந்தேன்" என்றாள். "கை நீட்டுனா எட்டும். ஆனா நீங்க ரெண்டு பேரும் உட்காந்திருந்தீங்க."

"எந்த ரெண்டு பேரு தாயி?"

"நீங்களும் அவரும். ரெண்டு பேரும் ஒண்ணும் சொல்லல. சும்மாவே உட்காந்திருந்தீங்க. சரி, நாளைக்கு எடுத்துக்கலாம்னு தோணும். தினமும் அப்படியே தோணிச்சு" என்றாள்.

அம்மையார் தகட்டை மருத்துவரிடம் கொடுத்துவிட்டு, முக்காலியில் அமர்ந்தார். பிள்ளையாரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏன்வே, நீரும் இதுக்கு உடந்தையா? நான் இம்புட்டு நாளு, அவ உம்மைக் கும்பிடுதான்னுல்லா நினைச்சிக்கிட்டு இருந்தேன்!" என்று வைதார். வைதுகொண்டே அழுதார். நிரஞ்சனி சிரித்துவிட்டாள், பிறகு அவளும் அழுதாள்.

முற்காலத்து அடியார்களுக்கு இறைவன் வாகனத்தில் ஏறி வந்து வானத்திலிருந்து காட்சி கொடுப்பார். இந்த வார்டிலோ, சோதனை செய்யாமல் எதையும் உள்ளே விடமாட்டார்கள். ஆகவே ஒரு பதினைந்து வயதுப் பெண்ணின் வாய்வழியே வந்து, 'நீங்க ரெண்டு பேரும்' என்று, அடியாரைத் தம்மோடு சேர்த்துச் சொல்லிவிட்டுப் போனார். இதைவிடப் பெரிய காட்சி எதுவும் கேட்டறியோம்.

தோட்டக்காரர்கள் கடப்பாரையை எடுத்துக்கொண்டு மெல்ல நழுவினார்கள். சங்கரபாண்டியனார் முக்காலியின் அருகே வந்தார். பிறகு, "அம்மா, உங்களுக்கு என்ன வேணும்னாலும் கேளுங்க" என்றார், கண் கலங்கி.

அம்மையார் யோசித்தார். "முதுகு சாயுற மாதிரி ஒரு நாற்காலி இருந்தா நல்லாருக்கும் ஐயா" என்றார்.

"அவ்வளவுதானா?"

"ரெண்டா வாங்கிருங்க. ராத்திரி டூட்டிக்கு வார பிள்ளைக்கும் முதுகு உண்டுல்லா."

அறங்காவலர் பிள்ளையாரின் முன் போய், காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போடத் தொடங்கினார். பருத்த உடம்பு. மூச்சு வாங்கியது.

"ரெண்டு... மூணு... சார், மூணு செல்லாது" என்றான் ஜெபின். "ரெண்டு."

அன்றோடு நிரஞ்சனியின் துன்பம் தீர்ந்துவிடவில்லை. நல்ல நாட்களும் மோசமான நாட்களுமாக அவள் இன்னும் பல வாரங்கள் அங்கே இருந்தாள். மோசமான நாட்களில், "சிஸ்டர், இன்னிக்கு வந்து உட்காருங்க" என்று அவளே வந்து கூப்பிடுவாள். வீட்டுக்குப் போகும் நாளில் பிள்ளையாருக்கு அருகம்புல் வைத்து, "நீங்களும் சீக்கிரம் டிஸ்சார்ஜ் ஆகிடுங்க" என்றாள்.

"அவரு எங்கட்டி போகப் போறாரு" என்றார் அம்மையார். "நாங்க ரெண்டு பேரும் இங்கனதான் இருப்போம்."

பிள்ளையார் இன்றும் நூலில்லாத மேனியராய், கையில் காகிதப் பட்டையோடு, வேம்பின் அடியில் வீற்றிருக்கிறார். கொடுக்க ஒன்றுமில்லாதபோது தம்மையே கொண்டுபோய் அமர்த்தி, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தே ஓர் உயிரைக் காத்த வடிவாம்பாள் அம்மையாரின் மௌனத்துக்கு நம் வணக்கம்.