அசையாத புள்ளி

ஐந்தாவது முறையும் படம் கலங்கித்தான் வந்தது.

பஸ் கண்டக்டர் வகாபின் விழித்திரையில் எத்தனை செல்கள் மிச்சம் இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்க வேண்டும். இன்று எண்ண முடியாவிட்டால், புது மருந்து பெறுவோர் பட்டியலில் அவர் பெயர் இருக்காது.

"பச்சைப் புள்ளியை மட்டும் பாருங்கண்ணே. கண்ணை ஆட்டாதீங்க," என்றான் ஆய்வு மாணவன் கொழுந்து.

"நான் எங்க தம்பி ஆட்டுறேன்? இருபது வருஷம் ஓடுற வண்டியில டிக்கெட் கிழிச்ச கண்ணு. நில்லுன்னா நிக்குமா?"

கொழுந்து படிவத்தில் 'நோயாளி ஒத்துழைக்கவில்லை' என்று எழுதி, பேராசிரியை சகாயமேரியிடம் கையெழுத்துக்கு நீட்டினான்.

அவர் படித்தார். பேனாவை எடுக்கவில்லை.

"மேடம், கண்ணை ஒரு நிமிஷம் அசையாம நிறுத்த வழியே கிடையாதா?" என்று கேட்டான் கொழுந்து.

"உட்காரு. நிறுத்திக் காட்டுறேன்."

வகாப் எழுந்து இடம் கொடுத்தார். கொழுந்து இயந்திரத்தின் முன் முகவாயை வைத்தான்.

உள்ளே ஒரு சிறு கண்ணாடி உண்டு. கண் போகும் பக்கமெல்லாம் திரும்பி, படமெடுக்கும் ஒளியைக் கூடவே கொண்டுபோகும். சகாயமேரி பச்சைப் புள்ளியையும் அந்தக் கண்ணாடி வழியே அனுப்பினார்.

"என்ன தெரியுது?"

"புள்ளி."

கொஞ்ச நேரம் விட்டு, "இப்போ?"

"காணோமே. அணைச்சிட்டீங்களா மேடம்?"

"வகாப் பாய், திரையைப் பார்த்துச் சொல்லுங்க."

"புள்ளி பளிச்சுன்னு எரியுது."

"உன் கண் ஆடுற மாதிரியே புள்ளியும் ஆடுது, கொழுந்து. அதனால உன் கண்ணுக்குள்ள அது ஒரே இடத்துல நிக்குது. அப்படி நிக்கிறதைக் கண் பார்க்காது."

"நான் கண்ணை ஆட்டவே இல்லையே மேடம்."

வகாப் சிரித்துவிட்டார். "இதைத்தானே தம்பி நானும் காலையிலேர்ந்து சொல்றேன்."

கொழுந்து முகத்தை எடுத்தான். காது சிவந்திருந்தது.

"கண்ணு பின்னாலயே கண்ணாடி எவ்வளவு தூரம் போகலாம்னு எல்லை வச்சது யாரு?" என்று கேட்டார் சகாயமேரி.

"நான்தான்."

"யார் கண்ணை வச்சு அளந்தே?"

"என் கண்ணை வச்சுத்தான் மேடம்."

அவர் படிவத்தை அவனிடமே கொடுத்தார். அவன் அந்த வரியை அடித்தான். எல்லையை இரண்டு மடங்காக்கினான்.

வகாப் மறுபடி உட்கார்ந்தார். "இந்தத் தடவை மூச்சுகூட விடமாட்டேன் மேடம்."

"நல்லா மூச்சு விடுங்க பாய். நீங்க பார்த்தா போதும். பின்னால ஓடி வர்றது இவன் வேலை."