பல்லி நாக்கைக் கடித்துக்கொண்ட நாள்

"நாளைக்கும் அந்தப் பெண் இப்படி உளறினால், கல்லுடைக்கும் இடத்துக்கு அனுப்பிவிடு."

குளியல் மண்டபத்தை நடத்துபவளிடம் ஒரு சீமாட்டி சொன்ன இந்தப் பேச்சு, சுவரில் ஒட்டியிருந்த பல்லியின் காதில் விழுந்தது. அந்தப் பெண்ணை உளற வைத்ததே இந்தப் பல்லிதான்.

பிராணிகள் எல்லாம் வாய் பேசிய காலம் அது. பல்லி எல்லோரையும்விட அதிகம் பேசியது. முசிறியிலிருந்து மிளகு மூட்டையோடு கப்பலேறி ரோமாபுரிக்கு வந்த பல்லிக்கு இந்த மண்டபம் பிடித்துப்போனது. தரைக்கு அடியில் நெருப்பு எரிந்துகொண்டே இருந்ததால் சுவரெல்லாம் கதகதப்பு. ஊரே அங்கே கூடிக் குளித்தது; குளித்ததைவிட அதிகமாக வம்பளந்தது. கேட்டுக் கேட்டே பல்லி பத்து நாளில் லத்தீன் படித்துவிட்டது.

அதே கப்பலில் வந்த எயினிக்கு அந்த மொழி வரவில்லை. குளிக்கும் பெண்களின் உடைகளைச் சுவர் மாடங்களில் வைத்துக் காப்பது அவள் வேலை. யாராவது ஏதாவது கேட்டால் மேலே பார்ப்பாள். பல்லி மெல்லப் பதிலைச் சொல்லும். அர்த்தம் தெரியாமலே அதை அப்படியே திருப்பிச் சொல்வாள்.

அன்று சீமாட்டி நுழைந்ததும், "வாருங்கள் அம்மா" என்று எடுத்துக்கொடுத்த பல்லி, "போன வாரத்தைவிட இப்போது நன்றாகப் பெருத்துவிட்டாள்" என்று அதே லத்தீனில் தனக்குள் முணுமுணுத்தது. எயினி இரண்டையும் கணீரென்று சொல்லிவிட்டாள்.

சாயங்காலம் மண்டபம் காலியானதும் பல்லி கீழே இறங்கி வந்து எல்லாவற்றையும் சொன்னது.

"என்னால்தானடி உனக்கு இந்தக் கதி."

"அழாதே. நாளைக்கு மட்டும் வாயை மூடிக்கொண்டிரேன்."

"நானா? அது நடக்கிற காரியமா?"

இருவரும் சிரித்தார்கள். பிறகு விளக்கேற்றும்வரை, அதுவரை திருப்பிச் சொன்ன ஒவ்வொரு சொல்லுக்கும் அர்த்தம் கேட்டுக் கேட்டு எயினி படித்தாள்.

மறுநாள் சீமாட்டி குளித்துவிட்டு வந்தாள். மண்டபத்தை நடத்தும் லோலியா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள்.

"என் பச்சை மேலாடை எங்கே?"

எயினி வழக்கம்போல் மேலே பார்த்தாள். பல்லியின் வாய் நிறையப் பதில் இருந்தது. கூடவே அந்தப் பச்சை நிறத்தைப் பற்றி ஒரு அபிப்பிராயமும் இருந்தது. இரண்டும் வெளியே வரும் நேரத்தில் அது தன் நாக்கை நறுக்கென்று கடித்துக்கொண்டது.

எயினி காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. தலையைத் தாழ்த்தி, ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்தாள்.

"மூன்றாவது மாடத்தில்... பத்திரமாக இருக்கிறது அம்மா. மடித்து வைத்திருக்கிறேன்."

சரிதானா? மறுபடி மேலே பார்த்தாள். நாக்கின் நுனி போன பல்லி பேச முயன்றது. "இச், இச்" என்று மட்டும்தான் வந்தது.

"இவள் இங்கேயே இருக்கட்டும்" என்றாள் லோலியா.

எயினி குனிந்தாள். விரலை மடக்கி, பல்லிக்கு நன்றியாகக் கதகதப்பான அந்தத் தரையில் இரண்டு தட்டுத் தட்டினாள்.

அன்று தொடங்கியதுதான்: சரியாக ஒன்றைச் சொல்லும்போது சுவரிலிருந்து "இச், இச்" என்று கேட்டால், நம் பெண்கள் பேச்சை நிறுத்தி, குனிந்து தரையைத் தட்டுகிறார்கள்.